டெவலப்பர் ஏன் கெடுகிறது, எத்தனை நாள் தாங்கும்?

கறுப்பு-வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே டெவலப் செய்யும்போது நேரும் பல பிசகுகளைப் பிற்பாடு சரிசெய்துவிடலாம். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் கரைசல் பலம் குறைந்து நெகட்டிவ் பால் படிந்ததுபோல் மங்கலாக வந்தால், புது ஃபிக்ஸரில் மறுபடி போடலாம். சரியாக அலசாமல் விட்டிருந்தால் இன்னொரு முறை அலசலாம். ஃபிலிமில் உருவத்தை வெளிக்கொண்டுவரும் திரவமான டெவலப்பர் கெட்டுப்போயிருந்தால் மட்டும் திரும்பி வர வழி கிடையாது. கெட்ட டெவலப்பரில் ஊறிய ஃபிலிமில் உருவம் வெள்ளியாக மாறியிருக்காது. அடுத்து ஊற்றும் ஃபிக்ஸரோ, மாறாமல் மிச்சமிருக்கும் வெள்ளி உப்பு முழுவதையும் கரைத்துக்கொண்டு போய்விடும். கையில் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக் பட்டை. அந்த ரோலிலிருந்த 36 படங்களும் போனது போனதுதான்.

ஆகவே புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் டேங்க், ரீல், தெர்மாமீட்டர் பற்றிக் கேட்பதற்கு முன்னால் டெவலப்பர் பாட்டிலைப் பற்றிக் கேட்பது நல்லது என்பேன். எத்தனை மாதம் என்று ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது. பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், எந்த டெவலப்பரை எப்படி வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஃபிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. அதற்குள் வெள்ளி புரோமைடு போன்ற வெள்ளி உப்புகளின் நுண்ணிய துகள்கள். ஷட்டர் திறந்து மூடும் அந்த நொடியில், வெளிச்சம் பட்ட துகள்களில் ஒருசில வெள்ளி அணுக்கள் மட்டும் உருவாகும். அதுதான் கண்ணுக்குத் தெரியாத உருவம். டெவலப்பர் அந்தத் துகள்களுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் முழுசாகக் கறுத்த உலோக வெள்ளியாக மாற்றுகிறது. வெளிச்சம் படாத துகள்களை அது அவ்வளவு சீக்கிரம் தொடாது. இந்த வேக வித்தியாசம்தான் நெகட்டிவில் படமாகத் தெரிகிறது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், எலக்ட்ரான் கொடுக்கும் அந்தக் குணம் ஃபிலிமுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைக்கப்பட்டதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் கேட்டாலும் டெவலப்பர் கொடுத்துவிடும். கொடுத்துவிட்டால் அந்த மூலக்கூறு செலவாகிவிட்டது. அடுத்து ஃபிலிம் வரும்போது கொடுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது. டெவலப்பர் எந்தக் குணத்தால் வேலை செய்கிறதோ, அதே குணத்தால்தான் கெடவும் செய்கிறது. வேலையே செய்யாத டெவலப்பர் வேண்டுமானால் கெடாமல் இருக்கலாம்!

வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கி அப்படியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும், அதனால் மோர் கலந்த தண்ணீரில் போட்டுவைப்பார்கள் இல்லையா? அங்கே நடப்பதும் இதன் நெருங்கிய சொந்தம்தான். பூவிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகின்றன. பூவில் அதை முடுக்கிவிட நொதி ஒன்று இருக்கிறது. டெவலப்பரில் அந்த வேலையைக் காரம் (அமிலத்துக்கு எதிர்க்குணமுள்ள, சோடா போன்ற பொருள்) செய்கிறது. மோரின் புளிப்பு பூவைக் காப்பாற்றுகிறது. டெவலப்பரும் ஃபீனால் குடும்பம்தான் என்றாலும் அதைப் புளிப்பில் போட்டுவைக்க முடியாது, ஏனென்றால் காரம் இல்லாமல் அது வேலையே செய்யாது. அப்படியானால் காரத்திலேயே இருந்துகொண்டு ஆக்சிஜனையும் சமாளிக்க வேறு ஏதாவது வேண்டும்.

அந்த வேறு ஏதோ ஒன்றுதான் சோடியம் சல்ஃபைட். 1880-களில் இதை டெவலப்பரில் சேர்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால், அன்று புழக்கத்திலிருந்த பைரோகேலால் என்ற டெவலப்பரைக் கலந்த கையோடு பயன்படுத்தியாக வேண்டும். சல்ஃபைட் வந்த பிறகுதான் டெவலப்பரைப் பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலையே உண்டானது.

டி-76 என்ற டெவலப்பரை எடுத்துக்கொள்வோம். 1927-இல் கோடக்கில் உருவானது, இன்றைக்கும் விற்கிறது. அதன் பழைய சூத்திரம் எல்லோரும் அறிந்ததுதான். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம். உருவத்தைக் கொண்டுவரும் மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் சேர்ந்து 7 கிராம். சல்ஃபைட் மட்டும் 100! படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் மணியைக் கொஞ்சம் மென்மையாக்குவதும் இந்த டெவலப்பரில் சல்ஃபைட்டின் வேலைதான். ஆனாலும் காவல் வேலைதான் முதல் வேலை. ஆக்சிஜனிடம் சிக்கி உருமாறிய ஹைட்ரோகுயினோனை அது உடனே பிடித்து, நிறமில்லாத வேறொரு பொருளாக மாற்றி ஓரம்கட்டிவிடுகிறது. அப்படிச் செய்யாவிட்டால் அந்தச் சிதைவுப் பொருட்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, டீ டிகாக்ஷன் நிறத்தில் ஃபிலிமில் கறை பிடிக்கும் பண்டமாக மாறும்; கெடுவதும் இன்னும் வேகமாகும்.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இழந்த ஹைட்ரோகுயினோனைச் சல்ஃபைட் திருப்பித் தருவதில்லை. கறையைத் தடுக்கிறது, சிதைவை மெதுவாக்குகிறது, அவ்வளவே. ஓரம்கட்டப்பட்ட அந்தப் புதுப்பொருளுக்கு டெவலப் செய்யும் சக்தி மிகக் குறைவு. ஆகவே தெளிவாக, நிறமே இல்லாமல் இருக்கும் ஒரு பாட்டில்கூட உள்ளுக்குள் கணிசமாகத் தேய்ந்திருக்கலாம்.

இன்னொன்று, முதலில் கேட்கும்போது நம்பவே கடினமாக இருக்கும். பழைய சூத்திரப்படி கையால் கலந்த டி-76, வைத்திருக்க வைத்திருக்க ஆரம்பத்தில் பலம் கூடும். மேலே சொன்ன மாற்றம் நடக்கும்போது கொஞ்சம் காரமும் உண்டாகிறது; கார அளவு ஏறினால் டெவலப்பரின் வேகமும் ஏறும். சில வாரம் கழித்து அதே நேரம், அதே வெப்பநிலையில் டெவலப் செய்தால் நெகட்டிவ் முன்னைவிட அடர்த்தியாக வரும். போரிக் அமிலம் சேர்த்துக் கார அளவை ஒரே நிலையில் நிறுத்தும் டி-76டி என்ற வடிவம் இதற்காகவே வந்தது. கெடுவது என்றாலே பலம் குறைவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் குணம் மாறுவதுதான் கெடுவது.

பாட்டிலில் காலியாக இருக்கும் இடம்

கோடக்கின் குறிப்பில் டி-76 ஸ்டாக் கரைசல் (மேற்கொண்டு தண்ணீர் சேர்த்து நீர்க்க வைக்காத மூலக் கரைசல்) நிறைந்த, இறுக்க மூடிய பாட்டிலில் 6 மாதம், பாதி காலியான பாட்டிலில் 2 மாதம் என்று இருக்கும். ஏறத்தாழ அதே சூத்திரமான ஐடி-11-க்கு இல்ஃபோர்ட் இன்னும் கறார்: நிறைந்த பாட்டிலில் 6 மாதம், பாதிப் பாட்டிலில் ஒரே மாதம். அதே திரவம், அதே மூடி. வித்தியாசம் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று மட்டும்தான்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பாட்டிலில் அரை லிட்டர் டி-76, மேலே அரை லிட்டர் காற்று. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதால் அங்கே சுமார் 100 மில்லி, எடையில் 0.14 கிராம் போல ஆக்சிஜன் இருக்கும். அது அத்தனையும் ஹைட்ரோகுயினோன் மேல் விழுந்தால், அந்த அரை லிட்டரிலுள்ள ஹைட்ரோகுயினோனில் ஐந்தில் ஒரு பங்கு காலியாகிவிடும். ஒருமுறை மூடிவைத்த காற்றுக்கே இந்தக் கணக்கு. மூடியைத் திறந்து கொஞ்சம் ஊற்றும்போதெல்லாம் புதுக் காற்று உள்ளே போகிறது, காலி இடமும் பெரிதாகிறது. கடைசி 200 மில்லி மற்றவற்றைவிட வேகமாகக் கெடுவது இதனால்தான்.

கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கலந்தால் நெடுநாள் இருக்கும் என்று பலர் சொல்வார்கள். தவறில்லை, ஆனால் அதன் பலன் சிறியது. சாதாரணத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான். மேலே பார்த்த அரை லிட்டர் காற்றில் 140 மில்லிகிராம். தண்ணீரைக் கொதிக்கவைக்க நேரம் செலவழித்துவிட்டு, பாதிப் பாட்டிலில் காற்றோடு மூடிவைப்பதில் அர்த்தமே இல்லை.

சரி, என்ன செய்வது? என்னைக் கேட்டால், சின்னப் பாட்டில்கள்தான் முதலும் கடைசியுமான பதில். ஒரு லிட்டர் கலந்தால் அதை அப்போதே 250 மில்லிப் பாட்டில்கள் நான்கில் பிரித்து, ஒவ்வொன்றையும் கழுத்துவரை நிரப்பி மூடிவிடுங்கள். ஒரு ரோலுக்கு ஒரு பாட்டில். திறந்தது காலியாகிவிடும், மற்ற மூன்றும் காற்றைப் பார்க்காமல் இருக்கும். பெரிய பாட்டிலே கதி என்றால் சுத்தமான கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை மேலே கொண்டுவரலாம். ஒயின் பாட்டில்களைக் காக்க விற்கும் ஆர்கான், நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சி மூடுகிறவர்களும் உண்டு. நன்றாகவே வேலை செய்யும், செலவுதான் கூடுதல். லைட்டருக்கு நிரப்பும் பியூட்டேனையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். எளிதில் தீப்பிடிக்கும் வாயுவை மூடிய சிறிய அறைக்குள் திறந்துவிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பாட்டில் எதில் செய்தது என்பதும் முக்கியம். கண்ணாடி வழியே ஆக்சிஜன் போகாது. குளிர்பானம் வரும் பெட் பாட்டில் அதற்கு அடுத்தபடி, போதுமான அளவு நல்லது. பால் போல மங்கலாக, கொஞ்சம் நெகிழும் பாலிஎத்திலீன் பாட்டில்கள் மூடியிருந்தாலும் சுவர் வழியாகவே மெதுவாக ஆக்சிஜனை உள்ளே விடும். அமுக்கி மடக்கும் மடிப்புப் பாட்டில்கள் பார்க்க நல்ல யோசனையாகத் தெரியும். ஆனால் பெரும்பாலும் இந்த வகை மெல்லிய பிளாஸ்டிக்கில்தான் வருகின்றன, மடிப்புகளுக்குள் படியும் அழுக்கைக் கழுவவும் முடியாது. பழுப்புக் கண்ணாடி கட்டாயமா என்று கேட்பார்கள். அலமாரிக்குள் வைப்பதென்றால் எந்தக் கண்ணாடியும் சரிதான். வெளிச்சத்தைவிட ஆக்சிஜன் பல மடங்கு பெரிய எதிரி.

குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிவைத்தால் ஒரு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். பழைய லேபிளை முழுக்கக் கிழித்துவிட்டு, பெரிய எழுத்தில் விஷம் என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். புதிதாகக் கலந்த டி-76 பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். ஹைட்ரோகுயினோன் வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். அதே காரணத்தால் சாப்பாடு வைக்கும் ஃப்ரிட்ஜிலும் இதை வைக்காதீர்கள். கெட்டியான டெவலப்பர்கள் அதிகக் குளிரில் படிகமாகி அடியில் தங்கிவிடும் தொல்லையும் உண்டு.

அப்புறம் நம் ஊர் வெயில். வேதிவினைகளின் வேகம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. மே மாதச் சென்னையில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் பாட்டில் வைத்திருக்கிறவர், பெட்டியில் போட்டிருக்கும் 6 மாதத்தை அப்படியே நம்பக் கூடாது. பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான, தரையை ஒட்டிய அலமாரி எது என்று பார்த்து அங்கே வையுங்கள்.

தண்ணீரில் இரும்பு, செம்பு கலந்திருந்தால் அவை ஆக்சிஜனின் வேலையைத் துரிதப்படுத்தும். போர் தண்ணீர் வாளியில் செம்மண் நிறக் கறை விடுகிற வீடு என்றால், ஸ்டாக் கலக்க டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரே போதும், அமிலம் கலந்ததாக இல்லாமல் பார்த்து வாங்கினால் சரி. கலக்கும்போது நுரை பொங்க அடித்துக் கலக்காமல் நிதானமாகக் கலக்குங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்

எல்லா டெவலப்பரும் டி-76 மாதிரி நடந்துகொள்ளாது. ரோடினால் இதில் தனி ஜாதி. 1891-இல் ஆக்ஃபா விற்பனைக்குக் கொண்டுவந்தது, மோம்மே ஆண்ட்ரெசன் உருவாக்கியது. பாரா-அமினோஃபீனால், பொட்டாசியம் சல்ஃபைட், பலமான காரம் எல்லாம் செறிவாகச் சேர்ந்த திரவம். பாதி காலியான பாட்டிலில் வருடக்கணக்கில் கிடந்து, கறுப்புக் காப்பி நிறத்துக்குப் போய், அடியில் படிகம் கட்டிய பிறகும் ஒழுங்காக வேலை செய்யும். மாதத்துக்கு ஒன்றிரண்டு ரோல் மட்டும் எடுக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மணி கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். அந்த விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் இந்த ஆயுள் கெட்டியான திரவத்துக்கு மட்டும். 1-க்கு 50 என்று தண்ணீர் சேர்த்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டும்.

கோடக்கின் எச்.சி-110 நெடுங்காலம் தண்ணீரே ஏறக்குறைய இல்லாத பாகு வடிவில் வந்தது. காரமும் டெவலப்பரும் இருந்தும் தண்ணீர் இல்லாததால் சிதைவு மிக மெதுவாக நடந்தது. திறந்த பாட்டிலே பல வருடம் தாங்கும் என்று பெயர் வாங்கியது அந்தப் பாகுதான். 2019 வாக்கில் திரவம் நீர்த்த வடிவத்துக்கு மாறியது. பழைய பாகின் புகழை நம்பிப் புதுப் பாட்டிலை வருடக்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

எக்ஸ்டால்தான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது. 1996-இல் வந்தது, ஹைட்ரோகுயினோனுக்குப் பதில் வைட்டமின் சி குடும்பத்துப் பொருள். படத்தின் தரம் அருமை, நச்சும் குறைவு. ஆனால் அது கெடும்போது நிறம் மாறுவதில்லை. நேற்றுவரை வேலை செய்த மாதிரி இருந்து, இன்று தண்ணீர் போலத் தெளிவாகவே உட்கார்ந்துகொண்டு ஒன்றுமே செய்யாது. இரும்பும் செம்பும் அதை மிக வேகமாகக் கெடுக்கும். 5 லிட்டர் பாக்கெட்டை வாங்கிக் கலந்துவிட்டு, மாதம் ஒரு ரோல் டெவலப் செய்கிறவருக்கு இது பொருந்தாத டெவலப்பர். வாரம் பல ரோல் எடுக்கிறவருக்கு இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம்.

பைரோ வகை டெவலப்பர்கள் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வருவதன் காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். ஏ பாட்டிலில் டெவலப் செய்யும் பொருள் காரமில்லாமல், மோரிலிட்ட வாழைப்பூவைப் போலவே, பத்திரமாக இருக்கிறது. பி பாட்டிலில் வெறும் காரம். அது கெடுவதற்கு ஒன்றுமில்லை. ஃபிலிம் டேங்க் தயாரான பிறகு இரண்டையும் சேர்த்தால் ஆயுள் ஓடத் தொடங்கும். தனித்தனியாக இருக்கும்வரை வருடங்கள், சேர்ந்தபின் நிமிடங்கள். 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியர் ஸ்காட் வில்லியம்ஸும் மாணவர்களும் இன்ஸ்டன்ட் காப்பித்தூளை வைத்து உருவாக்கிய காஃபினாலும் அப்படித்தான். காப்பியும் சலவை சோடாவும் சேர்ந்த கரைசலில் காவலுக்குச் சல்ஃபைட் கிடையாது. கலந்ததை அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

பிரிக்காத பொடிப் பாக்கெட்டுகள் உலர்ந்த இடத்தில் சில வருடம் நன்றாகவே இருக்கும். பிரிக்கும்போது பொடி பழுப்பாகக் கட்டிதட்டியிருந்தால் கலக்காதீர்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டில் பாதிப் பொடியை மட்டும் எடுத்து அரை லிட்டர் கலக்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. கூடாது. பாக்கெட் குலுங்கும்போது மெட்டாலும் சல்ஃபைட்டும் ஒரே சீராக இருப்பதில்லை. எடுத்த பாதியில் எது எவ்வளவு வந்தது என்று சொல்ல முடியாது. முழுவதையும் கலந்து சின்னப் பாட்டில்களில் பிரியுங்கள்.

சந்தேகம் வந்தால்

நிறத்தைப் பாருங்கள், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். டி-76, ஐடி-11 போன்றவை டீ நிறத்துக்குப் போனால் யோசிக்காமல் கொட்டிவிடலாம். ரோடினாலுக்குக் கறுப்பு நிறம் ஒரு பொருட்டே இல்லை. எக்ஸ்டால் எந்த அறிகுறியும் காட்டாது.

நம்பத்தகுந்த சோதனை ஃபிலிமின் லீடரில் இருக்கிறது. கேமராவில் மாட்டும்போது வெளியே நீட்டிக்கொண்டு வெளிச்சத்தில் நனைந்த அந்த முனையைக் கொஞ்சம் வெட்டி, நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே அடர்த்தியில், அதே வெப்பநிலையில் ஒரு கோப்பை டெவலப்பரில் போடுங்கள். விளக்கு எரியட்டும், இருட்டு தேவையில்லை. உயிருள்ள டெவலப்பரில் அது கண்முன்னே கறுக்கும். டெவலப் செய்யும் நேரம் முடிந்தும் சாம்பல் நிறத்திலேயே நின்றால் பாட்டில் முடிந்துவிட்டது.

இந்தச் சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. லீடர் அளவுக்கு மீறி வெளிச்சம் வாங்கியது; பாதி பலம் இழந்த டெவலப்பர்கூட அதைக் கறுப்பாக்கிக் காட்டிவிடும். ஆகவே கறுத்ததா என்பதைவிட எவ்வளவு நேரத்தில் கறுத்தது என்று பாருங்கள். புதிதாகக் கலந்த அன்றே ஒரு துண்டைப் பாதி நேரம் மட்டும் டெவலப் செய்து, ஃபிக்ஸ் செய்து, உலர்த்தி, பாட்டிலில் ஒட்டிவையுங்கள். பிற்பாடு சந்தேகம் வரும் நாளில் அதே வகை ஃபிலிமில் இன்னொரு துண்டை அதே பாதி நேரம் போட்டு, இரண்டையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அன்று போட்ட துண்டு பழையதைவிட வெளிறித் தெரிந்தால் அந்தப் பாட்டிலை விட்டுவிடுங்கள். கலந்த தேதி, முதலில் திறந்த தேதி, அதில் எத்தனை ரோல் ஓடியது என்பதையும் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு ரோலும் டெவலப்பரைச் செலவழிப்பதோடு, வேகத்தை மட்டுப்படுத்தும் புரோமைடையும் அதற்குள் விட்டுச் செல்கிறது. மறுபடி மறுபடி பயன்படுத்தும் பாட்டிலுக்குத் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்த டி-76-ஐயோ எந்த நிலையிலும் திருப்பி ஊற்றி வைக்காதீர்கள். அன்றைக்கே கொட்டிவிடுவதுதான் அதற்குச் சொன்ன முறை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ரோல் வெறுமையாக வந்தால், ஃபிலிமின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஃபிலிமின் பெயரும் ஃப்ரேம் எண்களும் தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதிக்கப்பட்டு வருகின்றன; அவையும் டெவலப்பரால்தான் தெரிய வேண்டும். எண்கள் கறுப்பாக, அழுத்தமாக இருந்து படங்கள் மட்டும் இல்லையென்றால் டெவலப்பர் மேல் குற்றமில்லை. ஷட்டர் திறக்கவில்லை, அல்லது ஃபிலிம் கேமராவில் நகரவே இல்லை. எண்களும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் டெவலப்பர் செத்திருந்தது, அல்லது கைமாறி ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருக்கிறீர்கள். எண்களும் படங்களும் இரண்டுமே மெலிந்து தெரிந்தால் டெவலப்பர் பலம் குறைந்திருக்கலாம், அல்லது நேரமோ வெப்பநிலையோ போதாமல் இருந்திருக்கலாம். அடுத்த ரோலுக்கு முன்னால் லீடர் துண்டை வெட்டிச் சோதித்துவிடுங்கள்.